ஹோல்பைன் முகங்களை நீர்வர்ணத்தில் பிரதி செய்யும்போது

வெள்ளவத்தை வாசகர் ஒருவரின் கேள்வி: பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மானிய ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைனின் சோக்கு உருவப்படங்களைப் பார்த்து நீர்வர்ணத்தில் முகம் தீட்டப் பழகுகிறேன். கோடு ஓரளவு சரியாக வருகிறது. வர்ணம் பூசியதும் கண்குழியும் கன்னமும் சேறாகிவிடுகின்றன. ஒரு பூச்சு காயவே நெடுநேரம் ஆகிறது. எங்கே பிழை?

நல்ல ஆசானைத்தான் பிடித்திருக்கிறீர்கள். ஆனால் அவருடைய முகங்களில் நிழல் மிகக் குறைவு. 1526இல் முதன்முறை இங்கிலாந்து போனபோது அவர் பூச்சில்லாத கடதாசியில் வரைந்தார். 1532இல் மறுபடி போன பிறகு வரைந்தவை பெரும்பாலும் இளஞ்சிவப்புப் பூச்சிட்ட கடதாசியில். அந்தப் பூச்சுத்தான் நெற்றிக்கும் கன்னத்துக்கும் தோல் நிறம். நீங்கள் வெள்ளைக் கடதாசியில் நிழலை அடுக்கியடுக்கித் தோலை உண்டாக்கப் பார்க்கிறீர்கள். சேறு அங்கேதான் தொடங்குகிறது.

ஆகவே முதலில் அந்த இளஞ்சிவப்பைப் பூசுங்கள். பயறளவு யெலோ ஓகர் (மண்மஞ்சள்), அதில் பாதி லைட் ரெட் (செம்மண் சிவப்பு), இரண்டு தேக்கரண்டி தண்ணீர். லைட் ரெட் பலமான வர்ணம், கூடினால் ஓகரை விழுங்கிவிடும். பலகையின் மேல்விளிம்புக்குக் கீழே ஒரு தடித்த புத்தகத்தை வைத்துச் சரித்து, முகம், காது, கழுத்து, கண்ணின் வெள்ளை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மூடுங்கள். நடுவில் திரும்பிப் போய்த் தொடவேண்டாம். காய்ந்தபின் நிறம் வெளிறும் என்பதால் ஈரத்தில் சற்றுக் கூடுதலாகத் தெரிவதே சரி.

அது முழுதாகக் காய்ந்த பிறகு இரண்டே நிழல். முதலாவது, அதே கலவை கொஞ்சம் கெட்டியாக, தூரிகை நுனியளவு அல்ட்ராமரின் நீலத்துடன்: புருவத்தின் கீழ், மூக்கின் ஒரு பக்கம், கீழுதட்டின் அடி, தாடையின் அடி. இரண்டாவது பேர்ண்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் அல்ட்ராமரினும் சேர்ந்த கருமை. இது மேலிமைக் கோடு, நாசித்துவாரம், உதடுகள் சேரும் கோடு ஆகிய மூன்றுக்கும் மட்டும். மேலிமையை அழுத்தமாகவும் கீழிமையை மெல்லியதாகவும் இழுங்கள். இரண்டையும் ஒரே தடிப்பில் இழுத்தால் கண் ஒட்டிவைத்தது போல் இருக்கும். ஓரிடத்தில் மூன்றாம் தடவை தூரிகை போகத் தேவைப்பட்டால், அந்தத் தாளை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே லாபம்.

அடுத்தது ஈரம். கொழும்புக் காற்றில் எப்போதும் ஈரப்பதம் இருப்பதால் மேற்பரப்பு மினுக்கம் போன பிறகும் உள்ளே நனைந்திருக்கும். புறங்கையை மெதுவாக வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் இன்னும் ஈரம். அந்த நிலையில் மேலே பூசினால் கீழ்ப்பூச்சு கிளம்பிக் கலங்கும். தூரிகையில் தண்ணீர் கூடியிருந்தால் கோலிபிளவர் மாதிரிக் கறை விரியும். ஹெயார் டிரையரைக் குறைந்த வேகத்தில் ஓரடி தள்ளிப் பிடியுங்கள். பக்கத்திலிருந்து அடித்தால் ஈர வர்ணம் ஓரத்துக்கு ஓடும், நேர் மேலிருந்து பிடிக்கவேண்டும்.

கடதாசி சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்திக் கடதாசியாக இருக்கட்டும். இந்த ஈரப்பதத்தில் நாட்பட்ட தாளின் பசைப்பூச்சு கெட்டுவிடும். ஓரத்தில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழாக நில்லாமல் உடனே ஊறிக் கருத்த புள்ளியானால் அந்தத் தாள் பென்சிலுக்குத்தான். மிச்சத்தை சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் பொலித்தீன் பையில் மூடி வையுங்கள். வர்ணப் பெட்டியை மட்டும் காயவிட்ட பின்னரே மூடவேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

தொலைபேசித் திரை வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும். பிரித்தானிய அரச குடும்பத்தின் விண்ட்சர் சேகரிப்பிலுள்ள ஹோல்பைன் படங்களை ஏ4 அளவில் அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோட்டை முதலில் வெறுங்கையால் போட்டு, பிறகு ட்ரேசிங் தாளை வைத்துச் சரிபாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆங்கில அரசியலாளர் தோமஸ் மோரை ஹோல்பைன் வரைந்த படமொன்றின் கோடுகளில், ஓவியப் பலகைக்கு மாற்றுவதற்காகக் குத்திய ஊசித் துளைகள் இருக்கின்றன.

முகத்தின் திரட்சி கைவந்த பிறகு, பிளெமிய ஓவியர் ரூபன்ஸ் ஏறத்தாழ 1619இல் தன் மகன் நிக்கொலாஸைப் பவளமாலையுடன் வரைந்ததை எடுங்கள். கறுப்பு, சிவப்பு, வெள்ளைச் சோக்குகளால் ஆனது, வியன்னாவின் அல்பர்டீனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளைச் சோக்கு பட்ட இடங்களில் கடதாசியை அப்படியே விட்டுவிடுங்கள். வெள்ளை வர்ணம் கலந்தால் கன்னம் மாப்பூசியது போலாகிவிடும்.