குவாண்டம் படிக்க ஆசைப்படும் மகளுக்கு எந்தப் படிப்பு?

பிளஸ் டூ படிக்கும் மகள் குவாண்டம் ஆராய்ச்சிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், அது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. அவளைப் பிடித்துக்கொண்டது சீனாவின் மீசியஸ் செயற்கைக்கோள் சோதனை என்பதால் அங்கிருந்தே வருகிறேன்.

2017-இல் அந்தச் செயற்கைக்கோள், குவாண்டம் பின்னலில் (எவ்வளவு தள்ளியிருந்தாலும் இரண்டின் அளவீடுகளும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் நிலை) இருக்கும் ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், ஜோடிகளை உண்டாக்கி, ஒன்றைச் சீனாவின் டெலிங்காவுக்கும் மற்றதை 1,203 கி.மீ. தள்ளியிருக்கும் லிஜியாங்குக்கும் அனுப்பியது. நொடிக்கு 59 லட்சம் ஜோடிகள் கிளம்பின. தரையில் ஜோடியாகச் சிக்கியதோ நொடிக்கு ஏறக்குறைய ஒன்றுதான்! எதற்கு எது ஜோடி என்பதை, வந்து சேர்ந்த நேரத்தை நானோநொடிக் கணக்கில் ஒப்பிட்டுத்தான் பிரித்தார்கள். அப்புறம், பின்னல் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கும் பெல் சோதனை. பின்னல் இல்லையென்றால் 2-ஐத் தாண்டக் கூடாத எண், 2.37 வந்தது.

இதில் கோட்பாடு ஒரு பங்குதான். ஓடும் செயற்கைக்கோளை விட்டு விலகாத தொலைநோக்கி, ஒற்றை ஃபோட்டானை உணரும் கருவி, கடிகாரம், மென்பொருள் எல்லாம் வேண்டும். ஆகவே இசிஇ (எலெக்ட்ரானிக்ஸ், தகவல்தொடர்புப் பொறியியல்) படித்தவருக்கும் இங்கே இடம் உண்டு. பெயரில் ‘குவாண்டம்’ ஒட்டியிருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பி.டெக்கில் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

இயற்பியல்தான் என்றால், மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களான ஐசர்களுக்கான நுழைவுத்தேர்வு இருக்கிறது. அது கைகூடாவிட்டால் நல்ல கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்து, ஜாம் (JAM) என்ற எம்.எஸ்சி. நுழைவுத்தேர்வை எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி.க்குப் போகலாம், அதை மட்டமாக நினைக்க வேண்டாம். ஆனால் இந்த வழியில் பிஎச்.டி. வரை போக வேண்டியிருக்கும். ஆராய்ச்சி மாணவர்களுக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய் என்பதால் அந்த வருடங்களில் உங்கள் கையை எதிர்பார்க்க மாட்டாள், வீட்டுக்கு அனுப்பவும் பெரிதாக மிஞ்சாது. சீக்கிரம் சம்பாதித்தாக வேண்டிய குடும்பம் என்றால் இசிஇயே சரி.

2023-இல் மத்திய அரசு தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003 கோடி ஒதுக்கியது. குவாண்டம் தகவல்தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடியில்தான். வேலைக்கு அது உத்தரவாதம் இல்லை. கருவியைத் தொட்டுப் பழகியவர்களைத்தான் அங்கே தேடுவார்கள். அதனால் எந்தக் கல்லூரியானாலும், சேரும் முன் நேரில் போய் ஆப்டிக்ஸ் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.