விற்பது குற்றமா, மறைப்பது குற்றமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓய்வு நேரத்தில் நான் எழுதிய கணக்கு மென்பொருளை, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் அனுமதிக்கும் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்தில் இலவசமாக வெளியிட்டிருந்தேன். இப்போது ஒருவர் அதன் பெயரை மாற்றி, செயலிக் கடையொன்றில் 499 ரூபாய்க்கு விற்கிறார். எனக்கு ஒரு பைசா வருவதில்லை. இனி வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது என்று உரிமத்தை மாற்றிவிடலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் ஆற்றாமை புரிகிறது. ஆயினும் 499 ரூபாயை மட்டும் வைத்து அவரைக் குற்றவாளியாக்க முடியாது. ஜிபிஎல் விலைக்குத் தடை விதிக்கவில்லை. அதை வகுத்த ரிச்சர்ட் ஸ்டால்மனே 1985இல் ஈமேக்ஸ் என்ற தன் உரைத்தொகுப்பு மென்பொருளைக் காந்த நாடாவில் பதித்து 150 டாலருக்கு விற்றார், இணைய இணைப்பு இருந்தவர்களோ அதையே இலவசமாக எடுத்துக்கொண்டார்கள்.

பெயரை மாற்றுவதும் தவறில்லை. உங்கள் பதிப்புரிமைக் குறிப்பை நீக்கியிருந்தாலோ, வாங்கியவர்களுக்கு மூலநிரலை, அதாவது மென்பொருளாக்க எழுதப்பட்ட நிரல் வரிகளை, தர மறுத்தாலோ அவர் உரிமத்தை மீறுகிறார். இலவசமாகக் கிடைப்பதை மறைத்து விற்பது சட்டப்படி செல்லுமென்றாலும், எனக்கு அது அற்பமாகவே படுகிறது.

வணிகத் தடையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கூலி வாங்கிக்கொண்டு கடைகளில் உங்கள் மென்பொருளை நிறுவித் தருபவரையும், கட்டணம் பெற்று அதைக் கற்றுத்தருபவரையும் அது சேர்த்தே தடுத்துவிடும். 2022இல் மைக்ரோசாஃப்ட் தன் செயலிக் கடையில் இலவசமாகக் கிடைக்கும் திறமூல (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருளை இலாபத்துக்கு விற்கக் கூடாதென விதி கொண்டுவந்தபோது, சொந்தப் படைப்பை அங்கே விலைக்கு வைத்துப் பணியாளர்களுக்குச் சம்பளம் கொடுத்துவந்த கிருதா என்ற ஓவிய மென்பொருள் போன்ற திட்டங்களும் அதில் சிக்கும் நிலை ஏற்பட்டது; எதிர்ப்பு வலுத்ததால் அந்த வாசகம் திரும்பப் பெறப்பட்டது. தவிர, நீங்கள் இன்று உரிமத்தை மாற்றினாலும் ஏற்கெனவே வெளியிட்ட பதிப்புகள் ஜிபிஎல்லிலேயே இருக்கும். மற்றவர்கள் எழுதிய நிரல் அதில் கலந்திருந்தால் அவர்களின் சம்மதமும் வேண்டும்.

முதலில் அந்தச் செயலியை ஒரு பிரதி வாங்கி, பதிப்புரிமைக் குறிப்பும் மூலநிரலுக்கான வழியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையெனில் விற்பவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். முதல்முறை மீறியவர் அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் திருத்திக்கொண்டால் இழந்த உரிமம் அவருக்கு மீளும். இதற்கிடையே அதே கடையில் உங்கள் மூலப் பதிப்பை உங்கள் பெயரோடு, 99 ரூபாய்க்கோ இலவசமாகவோ, நீங்களே ஏற்றிவிடுங்கள்.