கார்பனேட்டுகள் பத்தி படிக்கறது நிஜ வாழ்க்கைல எங்கயாவது வருதா, இல்ல மார்க்குக்கு மட்டும்தானா?

நான் தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல வேலை பாக்கறவன், தினமும் மாரடிக்கறதே கார்பனேட்டோடயும் பைகார்பனேட்டோடயும்தான் (பைகார்பனேட்டுங்கறது கார்பனேட்டோட ஒரு ஹைட்ரஜன் சேர்ந்தது), அதனால என் பதில் கொஞ்சம் ஒரு பக்கமா சாஞ்சுதான் இருக்கும், முன்னாடியே சொல்லிடறேன்.

புத்தகத்துல இது எப்படி வரும்னா, எது கரையும் எது கரையாது, எத சூடு பண்ணா சிதையும், எது ஆசிட்ல நுரைக்கும்னு வரிசையா ஒரு லிஸ்ட்டு, அத அப்படியே முழுங்கினா பரீட்சை முடிஞ்ச மறுநாளே காணாம போயிடும். ஆனா அந்த லிஸ்ட்டுல முக்காவாசிக்கு அடியில இருக்கறது ஒரே விஷயம். கார்பனேட்டுங்கறது கார்பன் டை ஆக்சைடு வாயுவ கெட்டியா அடைச்சு வெச்ச கிடங்கு மாதிரி. ஆசிட் பட்டாலோ நல்லா சூடு ஏத்தினாலோ வாயு வெளிய வரும், காரம் (ஆசிட்டுக்கு எதிரான பொருள்) கெடச்சா திரும்ப உள்ள போயிடும். எவ்வளவு அடைச்சிருக்குன்னு கேட்டா ஆச்சரியமா இருக்கும், 100 கிராம் சுத்தமான கால்சியம் கார்பனேட்டுல 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு இருக்கு, வெளிய விட்டா சாதாரண அறை வெப்பத்துல கிட்டத்தட்ட 24 லிட்டர் வாயு. ஒரு கைப்பிடி கல்லுக்குள்ள அவ்வளவு!

ஆசிட் சமாச்சாரம்தான் எல்லாருக்கும் தெரியும். புவியியல்காரங்க கையில நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சின்ன பாட்டில் ஒண்ணு எப்பவும் இருக்கும், பாறை மேல ஒரு சொட்டு விட்டு உடனே நுரைச்சா சுண்ணாம்புக்கல், மந்தமா இருந்து பொடி பண்ணினதுக்கு அப்புறம் நுரைச்சா டோலமைட்டா இருக்கலாம் (அதுல கால்சியத்தோட மெக்னீசியமும் சேர்ந்திருக்கும்). வீட்டுல பாக்கணும்னா முட்டை ஓட்டு மேல வினிகர் ஊத்துங்க, ஓட்டுல பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்தான். போர்டுல எழுதற சாக்பீஸ வெச்சு செஞ்சு பாத்துட்டு ஒண்ணும் வரலன்னு குழம்பாதீங்க, இப்ப வர்ற சாக்பீஸ் நிறைய ஜிப்சம், அதாவது கால்சியம் சல்ஃபேட், அது நுரைக்காது.

இதே விஷயத்துல உயிர் போற அளவுக்கு வித்தியாசம் வர்ற இடமும் ஒண்ணு இருக்கு. பேரியம் கார்பனேட் தண்ணில கரையவே கரையாதுன்னு சொல்லலாம், அப்ப வயித்துக்குள்ள போனா அப்படியே வெளிய வந்துடும்னுதானே தோணும், ஆனா அது எலி மருந்தா பயன்பட்ட விஷம். வயித்துல இருக்கற ஆசிட்ல கரைஞ்சு பேரியம் ரத்தத்துல கலந்துடும். அதே பேரியத்தோட சல்ஃபேட்ட எக்ஸ்ரே எடுக்கறதுக்கு முன்னாடி டாக்டருங்களே குடிக்கக் குடுக்கறாங்க, ஏன்னா வயித்து ஆசிட் அத ஒண்ணும் பண்ண முடியாது. "கரையாத உப்பு"ன்னு மட்டும் படிச்சவங்களுக்கு இது பிடிபடாது, எதுல கரையாதுன்னு கேக்கணும்.

ஒரு புலம்பல். பேக்கிங் சோடாவையும் (சோடியம் பைகார்பனேட்) வினிகரையும் கலந்து ஊத்தினா எல்லா அழுக்கும் போயிடும்னு வீடியோ வீடியோவா போடறாங்க. நுரை வர்றது பாக்க நல்லாருக்கும், ஆனா காரமும் ஆசிட்டும் ஒண்ண ஒண்ணு அடிச்சிக்கிட்டு கடைசில மிஞ்சறது சோடியம் அசிடேட் கலந்த தண்ணி, அதால பெருசா ஒண்ணும் தேய்க்க முடியாது. எண்ணெய்ப் பிசுக்குக்கு சலவை சோடா (சோடியம் கார்பனேட்) தனியா, வெள்ளையா படிஞ்ச சுண்ணாம்புக் கறைக்கு வினிகர் தனியா, அவ்வளவுதான். சலவை சோடாவ மட்டும் அலுமினியப் பாத்திரத்துல போடாதீங்க, அதோட காரம் அலுமினியத்த அரிச்சிடும்.

இப்ப என் ஏரியாவுக்கு வரேன். சுத்தமான தண்ணில கால்சியம் கார்பனேட் லிட்டருக்கு சுமார் 14 மில்லிகிராம்தான் கரையும். ஆனா மழைத்தண்ணி காத்துல இருந்தும், அதவிட ஜாஸ்தியா மண்ணுல வேர்களும் நுண்ணுயிரிங்களும் விடற கார்பன் டை ஆக்சைட வாங்கிக்கிட்டும் கீழ இறங்கறப்ப லேசான ஆசிட்டா மாறிடுது, அது சுண்ணாம்புக்கல்ல பட்டா கால்சியம் பைகார்பனேட்டா மாறி பல மடங்கு கரையுது. இப்படி அரிச்சு அரிச்சுதான் சுண்ணாம்புக் குகைகளே வந்துச்சு. அந்தத் தண்ணி குகைக்கூரைல சொட்டறப்ப வாயு வெளிய போயிடுது, கரைஞ்ச கல்லு திரும்ப படியுது, தொங்கற கல்தூண் அப்படித்தான் வளருது. உங்க ஹீட்டர் காயில்ல வெள்ளையா படியறதும் இதே ரியாக்‌ஷன்தான், குகைல மெதுவா நடக்கறத சூடு வேகமா நடத்திடுது. இன்னொண்ணு, சக்கரை மாதிரி இல்லாம கால்சியம் கார்பனேட் சூடு ஏற ஏற கம்மியாத்தான் கரையும், அதனாலதான் மத்த இடத்த விட்டுட்டு கரெக்டா சூடான இடத்துலயே போய் ஒட்டுது. கொதிக்க வெச்சா தண்ணியோட கடினத்தன்மை (கால்சியம், மெக்னீசியம் உப்புங்க கரைஞ்சிருக்கறது) போயிடும்னு சொல்றாங்களே, அது பைகார்பனேட்டால வந்த கடினத்தன்மைக்கு மட்டும்தான், சல்ஃபேட்டாலயோ குளோரைடாலயோ வந்ததுன்னா எவ்வளவு கொதிக்க வெச்சாலும் கேஸ்தான் வீண்.

சூட்டுக்கு வருவோம். 1750கள்ல ஸ்காட்லாந்து ஜோசப் பிளாக் மெக்னீசியம் கார்பனேட்ட சூடாக்கி எடை குறையறத அளந்து பாத்து, ஒரு வாயு வெளிய போகுது, அது சாதாரண காத்து இல்லன்னு காட்டினாரு, கார்பன் டை ஆக்சைடு தனி வாயுன்னு தெரிய வந்ததே அப்படித்தான். கால்சியம் கார்பனேட் முழுசா சிதைய சுமார் 900 டிகிரி வேணும், அப்ப மிஞ்சறது சுட்ட சுண்ணாம்பு. சிமெண்ட் ஆலைல நடக்கறதும் இதுதான். உலகத்துல மனுஷன் விடற கார்பன் டை ஆக்சைடுல சுமார் 8 சதவீதம் சிமெண்ட்டால வருது, அதுல பாதிக்கு மேல எரிபொருள்ல இருந்து வர்றதில்ல, கல்லுக்குள்ள இருந்தே வர்றது, அதனால சூளைய முழுசா சோலார்ல ஓட்டினாலும் அந்தப் பங்கு நிக்காது. சோடியம் கார்பனேட் மட்டும் பிடிவாதம், 851 டிகிரில உருகுமே தவிர லேசுல வாயுவ விடாது, மணலோட சேர்த்து உருக்கினாத்தான் விட்டுட்டு கண்ணாடியா மாறும்.

திரும்ப உள்ள போறதுக்கு உதாரணம் சுண்ணாம்பு அடிச்ச சுவர், நீத்த சுண்ணாம்பு (சுட்ட சுண்ணாம்புல தண்ணி ஊத்தினது) காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைட இழுத்து மறுபடியும் கல்லாவே ஆயிடுது. நிலாவுக்குப் போன அப்போலோ விண்கலத்துல ஆளுங்க விட்ட மூச்ச லித்தியம் ஹைட்ராக்சைடு டப்பா பிடிச்சு லித்தியம் கார்பனேட்டா மாத்திச்சு. 1970ல அப்போலோ 13ல தவிச்சப்ப சதுர டப்பாவ வட்ட ஓட்டைக்கு பொருத்த அட்டை, டேப்புன்னு கெடச்சத வெச்சு ஒட்டினாங்களே, அது இந்த ரியாக்‌ஷன் நிக்காம இருக்கறதுக்குத்தான்.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது கடல். காத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறினா கடல்ல கார்பனேட்டும் ஏறணும்தானே? நேர் எதிர். உள்ள வர்ற வாயு ஏற்கனவே இருக்கற கார்பனேட் அயனியோட (தண்ணில கரைஞ்ச, மின்னூட்டம் உள்ள துகள்) சேர்ந்து பைகார்பனேட்டா மாறிடுது, அதனால பவளமும் சிப்பியும் ஓடு கட்ட எடுக்கற கார்பனேட் குறையுது. தொழிற்புரட்சிக்கு முன்னாடி சுமார் 8.2 இருந்த மேல்மட்டக் கடலோட பிஎச் (அமிலத்தன்மைய காட்டற எண், குறைஞ்சா அமிலம் ஜாஸ்தி) இப்ப 8.1 கிட்ட இருக்கு. 0.1தானேன்னு விட முடியாது, பிஎச் லாகரிதம் கணக்கு, 1 குறைஞ்சாலே ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு, இந்த 0.1க்கே ஹைட்ரஜன் அயனி கால்வாசிக்கு மேல கூடியிருக்கு.

கடைசியா ஒண்ணு, பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கையும் லித்தியம் பேட்டரில ஊத்தற எத்திலீன் கார்பனேட்டையும் இந்தக் கணக்குல சேர்க்காதீங்க. அதெல்லாம் கரிமச் சேர்மங்கள், அயனி இல்ல, மூக்குக்கண்ணாடி லென்ஸ் மேல வினிகர் ஊத்தி நுரை வருமான்னு பாக்க வேண்டாம்.