கேட்டு வாசிப்பதா, பார்த்து வாசிப்பதா?

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

இசைப்பள்ளி ஒன்றில் வயலின் ஆசிரியையாக இருக்கிறேன். முதல் வகுப்பிலிருந்தே நோட்டேஷன் (எழுதிவைத்த இசைக் குறிப்பு) பார்த்து வாசிக்கப் பழக்குவது என் வழக்கம். என்னுடன் வேலை பார்க்கும் இன்னொரு ஆசிரியை எல்லாவற்றையும் காதால் கேட்டே வாசிக்க வைக்கிறார். அவருடைய மாணவர்கள் சீக்கிரமே மேடையேறிவிடுகிறார்கள். கைதட்டல், பெற்றோர் பாராட்டு எல்லாம் அங்கேதான். ஆனால் நோட்டேஷனை முன்னால் வைத்தால் திருதிருவென விழிக்கிறார்கள்.

அவரிடம் படித்த ஒன்பது வயதுச் சிறுமி, நேரம் ஒத்துவராததால் இப்போது என் வகுப்புக்கு வந்திருக்கிறாள். "இத்தனை நாள் தப்பாகவா கற்றுக்கொண்டாள்?" என்று அவள் அம்மா கேட்கிறார். ஆமாம் என்று சொல்ல வாய் துடிக்கிறது. என்ன செய்யட்டும்?

அன்புள்ள சகோதரி,

ஆமாம் என்று சொல்லாதீர்கள். அவள் கற்றது தப்பே இல்லை. ஜப்பானிய வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுசூகி (1898–1998), குழந்தை தாய்மொழியைப் பழகுவதுபோல இசையையும் முதலில் கேட்டுக் கேட்டுப் பழகட்டும், நோட்டேஷன் பிறகு வரட்டும் என்றார். அந்த வழியில் நோட்டேஷன் தள்ளிப்போகிறதே தவிர விட்டுப்போவதில்லை. இந்தச் சிறுமி பாதி வழியில் உங்களிடம் வந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

உங்கள் கோபத்தில் சிறுமிமேல் உள்ள அக்கறை நிஜம். கூடவே, பொறுமையாக அடித்தளம் போடும் உங்கள் உழைப்பை யாரும் கண்டுகொள்வதில்லையே என்ற ஆதங்கமும் தெரிகிறது. நியாயமான ஆதங்கம்தான். அதைப் பெற்றோரிடமும் நிர்வாகத்திடமும் உங்கள் வேலையை விளக்கித்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் முறையைக் குறைசொல்வதால் அது ஆறாது.

பழைய டீச்சரைக் குறைசொல்லக் கேட்கும் பிள்ளை, தன் வாசிப்பையே சந்தேகப்பட ஆரம்பிக்கும். யார் பக்கம் நிற்பது என்ற தவிப்பு வேறு. அவளுக்கு மனப்பாடமான ஒரு பாட்டின் நோட்டேஷனை எடுத்து வையுங்கள். நீங்கள் வாசிக்க, அவள் விரலால் தொட்டுக்கொண்டே வரட்டும். நடுவில் சட்டென்று நிறுத்தி, "இப்போ எங்கே இருக்கோம்?" என்று கேளுங்கள். அம்மாவிடம், "நல்லாக் காதைப் பழக்கி அனுப்பியிருக்காங்க. இனி பார்த்து வாசிக்கவும் பழக்குறேன்" என்றால் போதும்.

எல்லாவற்றையும் 'அவரவர் பாணி' என்று விட்டுவிடச் சொல்லவில்லை. வில் பிடிப்பால் மணிக்கட்டு வலிக்கிறது, தோள் இறுகுகிறது என்றால் அந்த ஆசிரியையிடமே தனியாகப் பேசுங்கள். பிள்ளைகளை அடிப்பதும் அவமானப்படுத்துவதும் எந்தப் பாணியிலும் சேராது. யார் செய்தாலும் நிர்வாகத்திடம் சொல்லியாக வேண்டும்.

அப்புறம், ஒருநாள் அவர் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். உங்கள் வகுப்புக்கும் அவரை அழையுங்கள். நோட்டேஷனை எப்போது தொடங்குவதாக இருக்கிறார் என்று அப்போது அவரிடமே கேட்கலாம்.