சனிக்கிழமை ஃபுட்டி: கொடி யார் கையில்?

வாசகர் கேள்வி-பதில்

ஃபுட்டி எனப்படும் ஆஸ்திரேலியக் கால்பந்தை டிவியில் பார்த்தால் அது பெரும்பணம் புரளும் தொழில். புறநகர் ஓவல்களில் (நீள்வட்ட மைதானங்களில்) நடக்கும் அமெச்சூர் ஆட்டமோ வேறு உலகம். 1892-இல் தொடங்கிய விக்டோரியா அமெச்சூர் ஃபுட்பால் அசோசியேஷனில் இன்றைக்கும் ஆட்டக்காரருக்குக் காசு கிடையாது. அணியை எழுதுவதும் கொடி பிடிப்பதும் கணக்குப் பார்ப்பதும் பெரும்பாலும் தன்னார்வலர்களே. அப்படிப் பொறுப்பேற்ற, அல்லது ஏற்கலாமா என்று யோசிக்கிற வாசகர்களின் கேள்விகள் இந்த இதழில்.

ரிசர்வ்ஸ் (கிளப்பின் இரண்டாம்) அணிக்கு டீம் மேனேஜராக வரச் சொல்கிறார்கள். நான் ஃபுட்டி ஆடியதே இல்லை. என்ன வேலை, எப்போது செய்யவேண்டும்?
*– க்ளென் வேவர்லி வாசகர்*

ஆடியிருக்க வேண்டியதில்லை. பட்டியல் போட்டு வேலை செய்கிறவர் போதும்.

வேலை வியாழன் இரவே தொடங்கிவிடும். பயிற்சி முடிந்து கோச் அணியை அறிவித்ததும் பிளேஹெச்க்யூ தளத்தில் டீம் ஷீட்டை ஏற்றுங்கள். களத்தில் 18 பேர், மாற்று ஆட்டக்காரர்கள் வழக்கமாக 4 பேர். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு விஷயம் பாருங்கள்: இந்த ஆண்டுப் பதிவு முடிந்திருக்கிறதா, தண்டனைத் தடை ஏதும் பாக்கி இருக்கிறதா. பதிவில்லாத ஒருவர் இறங்கினால் ஜெயித்த ஆட்டமும் கைவிட்டுப் போகலாம். அவருக்கு அடிபட்டால் இன்சூரன்ஸும் கிடைக்காது. கடைசி நேரத்தில் ஒருவர் வரமுடியாமல் போய், கார் பார்க்கிங்கில் நின்ற நண்பரை ஜம்பர் (அணிச் சட்டை) மாட்டி இறக்குவதில்தான் இந்தத் தவறு அதிகம் நடக்கிறது. ஜம்பர் எண்ணும் ஷீட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்பதையும் பாருங்கள். ஆட்டக்காரர் ஒருவர் மேல் அம்பயர் ரிப்போர்ட் (விதிமீறல் புகார்) எழுதுவது அந்த எண்ணை வைத்துத்தான்.

அதே வியாழன் இரவு, அணிக்கு வெளியே உள்ள வேலைகளுக்கும் பெயர் எழுதுங்கள். கோல் அம்பயர், பவுண்டரி அம்பயர், டைம்கீப்பர், ரன்னர் (கோச்சின் செய்தியைக் களத்துக்குக் கொண்டுபோகிறவர்), தண்ணீர் கொண்டுபோக இரண்டு மூன்று பேர், ட்ரெய்னர் (முதலுதவி பார்க்கிறவர்), அம்பயர்களுக்குத் துணை போகிறவர். கீழ்ப் பிரிவுகளில் லீக் பெரும்பாலும் களத்து அம்பயரை மட்டுமே அனுப்பும். மற்றவர்களைக் கிளப்தான் தரவேண்டும். "யாராவது உதவிக்கு வாருங்கள்" என்று வாட்ஸ்அப்பில் போட்டால் யாரும் வரமாட்டார்கள். "உங்களால் இரண்டாம் குவார்ட்டர் மட்டும் நேரம் பார்க்க முடியுமா?" என்று ஒருவரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். எல்லை தெரியாத வேலைக்குத்தான் ஆட்கள் பயப்படுகிறார்கள். அரைமணி நேர வேலை என்றால் தாத்தா பாட்டிகூட வருவார்கள்.

சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய் ஓவலை ஒரு சுற்று நடந்து வாருங்கள். இரண்டு முனையிலும் எல்லாப் போஸ்ட்களுக்கும் பஞ்சுறை கட்டியிருக்கிறதா? தெளிப்பான் மூடிகள் தரையோடு இருக்கின்றனவா? நேற்றிரவு யாரோ உடைத்த கண்ணாடி கிடக்கிறதா? பார்த்ததை அதற்கான படிவத்தில் குறித்து, எதிரணி மேனேஜருடன் சேர்ந்து கையெழுத்திடுங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

என்னைக் கோல் அம்பயராக நிற்கச் சொன்னார்கள். கொடி ஆட்டத் தெரியும், விதி தெரியாது.
*– தாண்டினோங் வாசகி*

கொடி ஆட்டுவது கடைசி வேலை அம்மா. அதற்கு முன்னால் மூன்று இருக்கின்றன.

முதலாவது, நிற்கும் இடம். நடுவில் இரண்டு உயரமான கோல் போஸ்ட், அவற்றுக்கு இருபுறமும் குட்டையான பிஹைண்ட் போஸ்ட். அடுத்தடுத்த போஸ்ட்களுக்கு இடையே 6.4 மீட்டர். பந்து வரும் திசையைப் பார்த்து, அதற்கு நேர்ப்பின்னால் கோட்டில் இருக்கும்படி நகர்ந்துகொண்டே இருங்கள். தாழ்வாக வரும் பந்துக்குக் கோட்டின் மேலேயே கண் இருக்கவேண்டும். உயரமாக வரும் பந்து போஸ்ட் உச்சியைத் தாண்டினால் அதன் அடியில் நின்று மேலே பாருங்கள். நடுவில் சிலைபோல் நின்றுகொண்டு தலையை மட்டும் திருப்புகிறவர்தான் தவறாகத் தீர்ப்புச் சொல்வார்.

இரண்டாவது, தீர்ப்பு. தாக்கும் அணிக்காரர் காலால் உதைத்த பந்து, வேறு யார் மேலும் படாமல், போஸ்ட்டிலும் படாமல், இரண்டு கோல் போஸ்ட்டுக்கும் நடுவே கோட்டை முழுவதுமாகத் தாண்டினால் கோல்: 6 புள்ளி. கோல் போஸ்ட்டில் பட்டாலும், யார் விரல் நுனி பட்டாலும், தற்காப்பு அணியே தள்ளிவிட்டாலும் பிஹைண்ட்: 1 புள்ளி. கோட்டின் மேல் பாதி இருக்கும் பந்து இன்னும் ஆட்டத்தில்தான் இருக்கிறது. விரல் பட்டதா என்பது உங்களுக்குத் தெரியாவிட்டால் களத்து அம்பயரைக் கேளுங்கள். கேட்பதில் குறைச்சல் எதுவும் இல்லை.

மூன்றாவது, பொறுமை. களத்து அம்பயர் "ஆல் க்ளியர்" என்று சொல்லும்வரை கை அசையக்கூடாது. உதைப்பதற்கு முன்னாலேயே அவர் ஃப்ரீ கிக் ஊதியிருக்கலாம். அவர் சொன்னபிறகு கோலுக்கு இரண்டு ஆள்காட்டி விரல், பிஹைண்டுக்கு ஒன்று. அதன்பிறகுதான் கொடி: கோலுக்கு இரண்டு, பிஹைண்டுக்கு ஒன்று.

கொடியை வைத்த கையோடு அட்டையில் எழுதிவிடுங்கள். மழைக்கு மை கரையும், பென்சில்தான் நல்லது. எதிர்முனையில் விழும் ஸ்கோரையும் நீங்கள் எழுதவேண்டும். ஏனென்றால் ஒவ்வொரு குவார்ட்டர் முடிவிலும் இரண்டு கோல் அம்பயர்களும் அட்டையை ஒப்பிடுவீர்கள். எழுதும் முறை 10.8 (68): 10 கோல், 8 பிஹைண்ட், 60-உம் 8-உம் சேர்ந்து 68. அது தசமப் புள்ளி அல்ல. 9.15 எடுத்த அணி 69, அதாவது 10.8-ஐ வென்ற அணி. வித்தியாசம் வந்தால் அந்தக் குவார்ட்டர் இடைவேளையிலேயே தீர்த்துவிடவேண்டும். கடைசி சைரனுக்குப் பிறகு ஒரு பிஹைண்டைத் தேடுவது இரண்டு கிளப்புகளையும் மாதக்கணக்கில் பகையாக்கிவிடும்.

சைரன் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு கிளப்பின் டைம்கீப்பர்களும் ஒரே மேசையில் உட்காரவேண்டும். சைரன் அடித்ததோடு குவார்ட்டர் முடிவதில்லை. களத்து அம்பயர் அதைக் கேட்டால்தான் முடிவு. காற்றடிக்கும் நாளில் அவர் திரும்பும்வரை அடித்துக்கொண்டே இருங்கள். மின்சாரம் போகும் நாளுக்காக ஒரு கையடக்க ஹாரன் மேசைக்குக் கீழே இருக்கட்டும்.

மூன்றாம் குவார்ட்டரில் ஒரு பையன் தலையில் அடிபட்டு விழுந்தான். ஐந்து நிமிஷத்தில் "நான் சரியாகிவிட்டேன்" என்கிறான். கோச் இறக்கச் சொல்கிறார், ட்ரெய்னர் வேண்டாம் என்கிறார். யார் சொல்வது செல்லும்?
*– கிளேட்டன் வாசகர்*

ட்ரெய்னர் சொல்வது. இதில் விவாதத்துக்கே இடமில்லை. மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் வந்தாலே அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது. "சரியாகிவிட்டேன்" என்பதைச் சொல்லும் மூளைதான் அடிபட்டிருக்கிறது. அதனிடம் அபிப்பிராயம் கேட்பது எப்படி நியாயம்? நினைவு தப்பித்தான் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. வெறித்த பார்வை, தள்ளாட்டம், ஸ்கோர் என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்பது, எழும்போது கை தலைக்குப் போவது இவையே போதும்.

கழுத்து வலி, வாந்தி, வலிப்பு, இரட்டைப் பார்வை, கைகால் மரத்துப்போதல், கூடிக்கொண்டே போகும் தலைவலி, மங்கிக்கொண்டே வரும் நினைவு: இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆளை அசைக்காமல் 000-க்கு அழையுங்கள். ஆட்டம் நிற்கட்டும். மற்றபடி, அன்று அவரைத் தனியாக விடக்கூடாது, கார் ஓட்டவிடக்கூடாது, மது கூடாது. டாக்டரிடம் போகவேண்டும்.

திரும்பி வருவதற்கு நாள் கணக்கு இருக்கிறது. சமூக மட்ட ஃபுட்டியில் அடிபட்ட நாளுக்குப் பிறகு 21-ஆம் நாள்தான் மிக விரைவான திரும்பல். ஜூன் 6 சனிக்கிழமை அடிபட்டால் 13-உம் 20-உம் கிடையாது. 27-ஆம் தேதி ஆடலாம் என்றால், அதுவும் எல்லாம் சரியாகப் போனால்தான். ஏனென்றால் மோதல் உள்ள பயிற்சிக்கு வருவதற்கு முன் 14 நாள் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கவேண்டும், மருத்துவ அனுமதியும் வேண்டும். தலைவலி 16-ஆம் தேதி வரை நீடித்தால் கணக்கு அங்கிருந்து மறுபடி தொடங்கி ஜூலைக்குப் போய்விடும். இந்தத் தேதிகளை டீம் மேனேஜர் எழுதி வைக்கவேண்டும். ஃபைனல்ஸ் நெருங்கும்போது எல்லோருக்கும் நாள் மறந்துபோகிறது. ஹெட்செக் என்ற செயலி அறிகுறி பார்க்கவும் திரும்பும் படிகளைப் பின்தொடரவும் உதவும். அதைச் சீசன் தொடங்கும் முன்பே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

எங்கள் பிரிவில் 9 அணி. ஃபிக்ஸ்சர் (ஆட்ட அட்டவணை) போடும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. எப்படித் தொடங்குவது?
*– டார்நீட் வாசகர்*

ஒற்றைப்படை என்றால் பத்தாவதாக ஓர் ஆளில்லா அணியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதோடு மோதும் அணிக்கு அந்த வாரம் ஓய்வு. 1 முதல் 5 வரை மேல் வரிசையில் எழுதி, அதன் கீழே 10, 9, 8, 7, 6 என்று எழுதினால் மேலும் கீழும் இருப்பவர்கள் மோதுவார்கள். அடுத்த வாரம் 1-ஐ அசைக்காமல் மற்ற ஒன்பதையும் ஓரிடம் சுழற்றுங்கள். 9 வாரத்தில் எல்லோரும் எல்லோரோடும் ஆடியிருப்பார்கள். மைதானத்தை மாற்றி மறுபடி ஒரு சுற்று போட்டால் 18 வாரம், 72 ஆட்டம், அணிக்கு 16 ஆட்டம், 2 ஓய்வு.

காகிதத்தில் இது எளிது. சிக்கல் ஓவலில் வரும். மாநகராட்சியிடமிருந்து மைதானம் கிடைக்கும் தேதிகளை முதலில் வாங்குங்கள், பிறகு எண்ணுக்கு அணிப் பெயர் கொடுங்கள். ஒரே ஓவலைப் பகிரும் இரண்டு கிளப்புகள் ஒரே வாரம் சொந்த மைதானத்தில் வரக்கூடாது. ரிசர்வ்ஸ் 11.40, சீனியர்ஸ் 2 மணி என்று வைத்தால், இடைவேளைகள் சேர்த்து ஒரு சீனியர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரம். ஜூனில் மெல்பேர்னில் சூரியன் ஏறக்குறைய 5.10-க்கு மறைந்துவிடும். ஆம்புலன்ஸுக்காக ஆட்டம் வெகுநேரம் நின்றால் கடைசிக் குவார்ட்டர் மங்கல் வெளிச்சத்தில்தான். விளக்கு ஏற்றலாமே என்றால், பயிற்சிக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும், கிளப் ஆட்டத்துக்கு 100 லக்ஸ் வேண்டும். பல ஓவல்களில் இருப்பது பயிற்சி விளக்கு மட்டுமே.

வெற்றிக்கு 4 புள்ளி, சமனுக்கு 2. புள்ளி சமமானால் விகிதம்: எடுத்த ஸ்கோரைக் கொடுத்த ஸ்கோரால் வகுத்து 100-ஆல் பெருக்கவேண்டும். ஓர் அணி பாதியில் விலகினால் அதன் ஆட்டங்களை முழுவதும் அழிப்பதா, மிச்சத்துக்கு மட்டும் 4 புள்ளி கொடுப்பதா என்பதை மார்ச் மாதமே எழுதி வையுங்கள். எல்லோரும் அந்த அணியோடு ஒருமுறை ஆடி முடிக்கவில்லையென்றால் அழிப்பதுதான் நியாயம் என்பது எங்கள் கருத்து. ஜூலையில் விதி எழுதினால், யாருக்கு லாபம் என்று பார்த்துத்தான் கை தூக்குவார்கள்.

யாருக்கும் சம்பளமில்லை என்கிறார்கள். பிறகு பிள்ளையிடம் ஏன் இவ்வளவு கட்டணம்?
*– தாண்டினோங் வாசகர்*

லீக் இணைப்புக் கட்டணம், அம்பயர் படி, மைதான வாடகை, பந்து, ஜம்பர், ட்ரெய்னர் பையில் தீரும் ஒட்டுநாடா, இன்சூரன்ஸ். ஆண்டுக் கூட்டத்தில் கணக்கைக் கேளுங்கள். விக்டோரியாவில் பதிவுபெற்ற சங்கம் நிதியாண்டு முடிந்து 5 மாதத்துக்குள் அந்தக் கூட்டத்தை நடத்தியாகவேண்டும்.

இன்சூரன்ஸில் ஒன்று பலருக்குத் தெரியாது. அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, அதில் கையிலிருந்து கட்டும் மிச்சத்துக்கும் சேர்த்து, விளையாட்டு இன்சூரன்ஸ் பணம் தரச் சட்டம் இடம் தராது. பிசியோ, பல் போன்றவற்றுக்குத்தான் உதவும். ஆம்புலன்ஸ் மெடிகேரில் இல்லை. விக்டோரியாவில் குடும்பத்துக்கு ஆம்புலன்ஸ் சந்தா இல்லையென்றால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

அம்பயரைப் பெற்றோர்கள் திட்டுவதைத் தடுக்க என்ன செய்வது?
*– வென்ட்வர்த்வில் வாசகி*

விசில் ஊதுகிறவருக்குப் பல இடங்களில் வயது பதினைந்து பதினாறுதான். அவர் திட்டுவாங்கி வீட்டுக்குப் போனால் அடுத்த வாரம் வரமாட்டார். அவர் வராவிட்டால் ஆட்டமே இல்லை. ஆட்டக்காரர் திட்டினால் அம்பயரிடம் ஃப்ரீ கிக், 50 மீட்டர் தண்டனை, மஞ்சள், சிவப்பு அட்டை எல்லாம் இருக்கின்றன. வேலிக்கு வெளியே நிற்பவரைத் தடுக்கக் கிளப்தான் வேண்டும். பளிச்சென்ற அங்கி போட்ட ஒருவர் ஒவ்வொரு இடைவேளையிலும் அம்பயர்களோடு நடந்து போய் வரட்டும். அவர் சண்டைக்கு அஞ்சாதவராக இருப்பதைவிட எல்லோரையும் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவராக இருப்பது முக்கியம். குரல் உயர்த்துகிறவர் பக்கத்தில் போய் நின்று, "அண்ணா, வாங்க, ஸ்கோர் போர்டுக்கு ஒரு ஆள் குறைகிறது" என்று கூப்பிட்டால் பாதிப்பேர் அடங்கிவிடுவார்கள். அடங்காதவரின் பெயரை அன்றே கமிட்டிக்கு எழுதிக் கொடுங்கள்.

பிள்ளைகள் அணிக்கு உதவ அனுமதிச் சீட்டு வேண்டுமா?
*– தாண்டினோங் வாசகி*

பெரும்பாலும் ஆமாம். 'வொர்க்கிங் வித் சில்ட்ரன் செக்' என்பது அதன் பெயர். விக்டோரியாவில் தன்னார்வலருக்கு அது இலவசம், 5 ஆண்டு செல்லும். கிளப்பின் பெயரையும் அதில் சேர்க்க மறக்காதீர்கள். வந்து சேர நாளாகும், அதனால் முதல் பயிற்சிக்கு முன்பே விண்ணப்பியுங்கள்.