91 டிபி, 88 டிபி, 95 டிபி: டோருக்கு எது?

கேள்வி: என்னிடம் இருப்பது ஸ்விஃப்ட் கார். ஆண்ட்ராய்டு செட் போட்டாயிற்று, தனி ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) வைக்க விருப்பமில்லை. குரல் நன்றாகக் கேட்கிறது. பறை, டிரம் எல்லாம் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. முன் டோருக்கு 6.5 இஞ்ச் மிட்பேஸ் ஸ்பீக்கர் மூன்று பார்த்து வைத்திருக்கிறேன். மூன்றும் 4 ஓம். ஒன்று 91 டிபி, ஒன்று 88, மேடை ஸ்பீக்கர் மாதிரி இருக்கும் மூன்றாவது 95. கடைக்காரர் 95-ஐ எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய ஸ்பெக் ஷீட்டுகளைப் பார்த்தேன். சென்சிடிவிட்டியை, அதாவது கொடுக்கிற மின்சாரத்துக்கு எத்தனை டிபி (டெசிபல்) சத்தம் வருகிறது என்பதைப் பொறுத்தவரை முதல் இரண்டும் ஒன்றேதான். 91-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘2.83 வோல்ட், 1 மீட்டர்’ என்று இருக்கிறது. 88-க்குப் பக்கத்தில் ‘1 வாட், 1 மீட்டர்’. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்தால் 1 வாட் போகும். 4 ஓமுக்குக் கொடுத்தால் 2 வாட். வாட் இரட்டித்தால் 3 டிபி ஏறும். 91-இல் அந்த 3-ஐக் கழித்துவிடுங்கள், 88 வந்துவிடும். இதில் பொய் ஒன்றும் இல்லை, அளக்கிற முறைதான் வேறு. அட்டைப்பெட்டியில் எந்த எண்ணைப் பெரிதாகப் போடுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

உங்களுக்கு இந்த எண் முக்கியம்தான். செட்டின் மேல் 4x50 வாட்ஸ் என்று போட்டிருந்தாலும், உள்ளே இருக்கிற சிப் காரின் 14 வோல்ட்டை வைத்துக்கொண்டு 4 ஓமில் சானலுக்குச் சுமார் 20 வாட் ஆர்எம்எஸ்தான் (தொடர்ந்து தரக்கூடிய வாட்) சுத்தமாகத் தரும். இன்னொரு 3 டிபி வேண்டும் என்றால் 40 வாட் வேண்டும், அதற்கு அந்த சிப்பிடம் வழியில்லை. அதனால் ஆம்ப் இல்லாதவர்கள் சென்சிடிவிட்டி அதிகமான ஸ்பீக்கரைத் தேடுவது நியாயம். கடைக்காரர் சொன்னதும் அதே கணக்கில்தான்.

ஆனால் அந்த 95 டிபி எந்த இடத்தில் 95? அங்கேதான் சிக்கல். சென்சிடிவிட்டி என்பது பெரும்பாலும் குரல் வரும் பகுதியை ஒட்டி எடுக்கிற எண். நீங்கள் தேடுகிற அடி இருப்பதோ 80-இலிருந்து 200 ஹெர்ட்ஸுக்குள். அங்கே என்ன நடக்கிறது என்பதை ஸ்பெக் ஷீட்டில் இருக்கும் எஃப்எஸ் (கோன் தானாக அதிரும் ஹெர்ட்ஸ்), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு அடக்கப்படுகிறது என்பது) என்ற இரண்டு எண்கள் சொல்லிவிடும். மேடை ஸ்பீக்கருக்கு எஃப்எஸ் 110 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.4. உங்கள் 88-க்கு 65 ஹெர்ட்ஸ், 0.65. கார் டோர் பெரிய பெட்டி மாதிரி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 110 ஹெர்ட்ஸில் மேடை ஸ்பீக்கர் 8 டிபி இறங்கி 87-க்கு வந்துவிடுகிறது. மற்றது 1 டிபிதான் இறங்குகிறது, அதுவும் 87. இன்னும் கீழே 80 ஹெர்ட்ஸுக்குப் போனால் 88 டிபி ஸ்பீக்கர் சுமார் 86-இல் நிற்கிறது. 95 டிபிக்காரர் 84-இல். மேலே குரலில் 7 டிபி முந்திப் போகிறவர், பறை அடிக்கும்போது பின்னால் வருகிறார். அதை மாட்டினால் குரல் இன்னும் கத்தும், தகர டப்பா அப்படியேதான் இருக்கும். பின்னால் சப்வூஃபர் வைத்து, ஆம்பும் போட்டு, 120 ஹெர்ட்ஸுக்கு மேலே மட்டும் விடுகிறவர்களுக்கு அது அருமையான ஸ்பீக்கர். உங்களுக்கு இல்லை.

ஆக முதல் இரண்டில் ஒன்று. க்யூடிஎஸ் 0.5-க்கும் 0.7-க்கும் நடுவில் இருந்தால் டோருக்கு ஒத்துப்போகும். இரண்டுமே அப்படித்தான் இருக்கின்றன. கோன் பரப்பு எதற்குக் கூடுதலோ அதை எடுங்கள். 6.5 இஞ்ச் என்று விற்பவை எல்லாம் ஒரே பரப்பு கிடையாது. ரப்பர் விளிம்பு அகலமாக இருந்தால் கோன் சிறுத்துப்போகும்.

ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை. டோர் அட்டையைக் கழற்றி, மொபைல் டார்ச்சை உள்ளே அடித்துப் பாருங்கள். இரும்புத் தகட்டில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டைகள், அதன் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 3.4 மீட்டர். அதற்கு முன்னால் அரை அடி ஒன்றுமே இல்லை; கோனின் பின்பக்கத்து அலை அந்த ஓட்டை வழியாக அரை அடி சுற்றி முன்னால் வந்து, தனக்கு நேர் எதிரான முன்பக்கத்து அலையைத் தின்றுவிடும். என் முதல் காரில் ஸ்பீக்கர் மாட்டிய கடைக்காரப் பையன் அந்தத் தாளைக் கிழித்து எறிந்துவிட்டான். மூன்று மாதம் ஸ்பீக்கரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் அட்டையைக் கழற்றி, பாட்டு ஓடும்போதே ஓட்டையை உள்ளங்கையால் பொத்தினேன். சட்டென்று டிரம் வந்து நின்றது.

பெரிய ஓட்டைகளுக்கு அலுமினியத் தகடோ ஏபிஎஸ் பிளாஸ்டிக் தகடோ வெட்டித் திருகி, மேலே அதிர்வை அடக்கும் பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டுங்கள். ஸ்பீக்கருக்கும் டோர் அட்டைக்கும் நடுவில் ஃபோம் வளையம் வையுங்கள். டோரின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கிற ஸ்பேசர் வளையம் எம்டிஎஃப் மரப்பலகையில் வேண்டாம், ஒரு மழையில் உப்பிவிடும். கண்ணாடியை முழுதாக இறக்கி, காந்தத்தில் இடிக்கிறதா என்று பார்த்த பிறகே திருகை முடுக்குங்கள்.

செட்டில் ஹை பாஸை (கீழே இருக்கிற ஒலியை வெட்டும் ஃபில்டர்) 60 ஹெர்ட்ஸிலோ 80-இலோ வையுங்கள். ஒலி குறையாமல் ஒரு ஆக்டேவ் (அதாவது பாதி ஹெர்ட்ஸுக்கு) கீழே போக கோன் நான்கு மடங்கு அசைய வேண்டும்; 20 வாட்டை அங்கே செலவழிப்பது வீண்.

எல்லாம் முடித்தும் நடுவில் பேஸ் காணாமல் போனால், ஒரே ஒரு டோரின் ப்ளஸ், மைனஸ் ஒயரை மாற்றிப் போட்டு, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கேளுங்கள். எந்தப் பக்கம் அடி கனமாக விழுகிறதோ அப்படியே விட்டுவிடுங்கள்.