பள்ளிப் பருவத்தில் வராத பரு 34 வயதில் வருவது ஏன்?

கேள்வி: எனக்கு 34 வயது. பள்ளி, கல்லூரிக் காலத்தில் எனக்கு அதிகம் பரு வந்ததில்லை. இரண்டு ஆண்டுகளாக, மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்பு முகவாயிலும் தாடையோரத்திலும் வலியுள்ள பருக்கள் வருகின்றன. நாளுக்கு ஐந்தாறு முறை முகம் கழுவியும் பயனில்லை. தோழி கொடுத்த ஒரு களிம்பைப் பூசியதும் ஒரே வாரத்தில் மறைந்தன. நிறுத்தியபின் முன்பைவிட அதிகமாக வந்துவிட்டன. இந்த வயதில் ஏன் வருகிறது? வராமல் தடுப்பது எப்படி?

பதில்: முதலில் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். முகம் கழுவுவதை இன்றே இரண்டு வேளையாகக் குறையுங்கள். அந்தக் களிம்பை மீண்டும் தொடாதீர்கள். உங்கள் முகத்தில் அழுக்கு இருப்பதால் பரு வரவில்லை. 25 வயதுக்குப் பிறகும் பரு தொடர்வதும், உங்களைப் போல அதன் பிறகே புதிதாகத் தொடங்குவதும் பெண்களிடம் பரவலாகக் காணப்படுபவை. ஏதோ தவறு செய்துவிட்டோம் என்ற குற்ற உணர்வு உங்களுக்கு வேண்டாம்.

பரு தோலின் மேற்பரப்பில் தொடங்குவதில்லை. ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இணைந்திருக்கிறது. பெண்களின் உடலிலும் இயல்பாகச் சுரக்கும் ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண் ஹார்மோன்கள் அந்தச் சுரப்பியைத் தூண்டும்போது எண்ணெய் மிகுதியாகிறது. கூடவே, மயிர்க்காலின் உட்சுவரிலிருந்து உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு துளையை அடைத்துவிடுகின்றன. எல்லோருடைய தோலிலும் வாழும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா அந்த அடைப்புக்குள் அழற்சியைத் தூண்ட, சிவப்பும் வீக்கமும் வலியும் தோன்றுகின்றன. உள்ளே ஏற்பட்ட அடைப்பு கண்ணுக்குத் தெரியும் பருவாக மாறப் பல வாரங்கள் ஆகலாம். அதாவது இன்று நீங்கள் கண்ணாடியில் பார்க்கும் பரு, பெரும்பாலும் போன மாதமே உருவாகத் தொடங்கியது. சோப்பு அந்த ஆழத்துக்குப் போவதில்லை. அடிக்கடி தேய்த்துக் கழுவினால் தோலின் பாதுகாப்புப் படலம் சிதைந்து எரிச்சல்தான் கூடும்.

மாதவிடாயை ஒட்டிப் பரு கூடுவதும், முகத்தின் கீழ்ப்பகுதியிலேயே வருவதும் ஹார்மோனின் பங்கைக் காட்டுகின்றன. ஆனாலும் இப்படிப்பட்ட பெண்களில் பலருக்கு இரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் அளவு சரியாகவே இருக்கும். அவர்களுடைய எண்ணெய்ச் சுரப்பிகள் இயல்பான அளவுக்கே மிகையாக எதிர்வினை காட்டுகின்றன. எனவே பரு வந்த எல்லோரும் பரிசோதனைக்கு ஓட வேண்டியதில்லை. மாதவிடாய் ஒழுங்கற்றுப் போவது, முகவாயிலோ மார்பிலோ முரட்டு முடி வளர்வது, உச்சந்தலையில் முடி மெலிவது ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்திருந்தால் மட்டும் பிசிஓஎஸ் எனப்படும் ஹார்மோன் சார்ந்த சினைப்பைக் கோளாறு உள்ளதா என்று பார்த்துவிடுவது அவசியம். மனநல மருந்தான லித்தியம், ஸ்டீராய்டு, புரோஜெஸ்டின் என்ற ஹார்மோன் மட்டும் உள்ள சில கருத்தடை முறைகள் ஆகியவையும் பருவைத் தூண்டக்கூடும் என்பதால், கடந்த சில ஆண்டுகளில் தொடங்கிய எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அந்தக் களிம்பைப் பற்றி எனக்கு உண்மையிலேயே கவலை உண்டு. ஒரே வாரத்தில் முகத்தைத் தெளியவைத்து, நிறுத்தியதும் பன்மடங்காகத் திருப்பித் தரும் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டு சிவப்பையும் வீக்கத்தையும் சில நாட்களுக்கு அடக்குகிறது. தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளியே தெரிந்து, ஸ்டீராய்டாலேயே புதிய பருக்கள் உருவாகும். அந்தக் குழாயை எறிந்துவிடாமல் தோல் மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள்.

இனி தடுப்புக்கு வருவோம். பரு வாரக்கணக்கில் உள்ளேயே உருவாகிறது என்றால், தெரிகிற பருவின் மேல் மட்டும் மருந்தை வைப்பதில் பெரிய பயன் இல்லை. வழக்கமாகப் பரு வரும் பகுதி முழுவதிலும், பரு இல்லாத நாட்களிலும் பூச வேண்டும். இதற்கு அடிப்படை மருந்து 0.1% அடாபலீன். துளை அடைபடுவதையே இது தடுக்கிறது. இரவில் முகம் நன்றாக உலர்ந்தபின் பட்டாணி அளவு எடுத்து மெல்லியதாகப் பூசுங்கள். முதல் இரண்டு வாரங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். தோல் உரிந்தால் மாய்ஸ்சரைசரை முதலில் தடவிவிட்டு அதன்மேல் பூசலாம். காலையில் 2.5% பென்சாயில் பெராக்சைடு சேர்த்துக்கொள்ளலாம். 5 அல்லது 10 சதவீதம் வாங்கினால் பலன் பெரிதாகக் கூடாது, எரிச்சல்தான் கூடும். இது துணியை வெளுக்கவைக்கும் என்பதால் வெள்ளைத் துண்டும் வெள்ளைத் தலையணை உறையும் நல்லது. ஆன்டிபயாடிக் ஜெல்லை மட்டும் தனியாக மாதக்கணக்கில் பூசாதீர்கள். பாக்டீரியா அதற்குப் பழகிவிடும்.

பலரும் தோற்றுப்போகும் இடம் இதன் பிறகுதான். மூன்று வாரம் பூசிவிட்டு, பலனில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். குறைந்தது 12 வாரங்கள் பொறுக்க வேண்டும். முதல் மாதத்தில் பரு சற்றுக் கூடியதுபோலத் தெரிந்தாலும் விட்டுவிடக் கூடாது. முகம் தெளிந்த பிறகும் அடாபலீனைத் தொடர்வதே தடுப்பு.

நீங்கள் கருத்தரிக்கத் திட்டமிட்டிருந்தால் அடாபலீன் வேண்டாம். அதற்குப் பதிலாக அசெலாயிக் அமிலத்தைப் பயன்படுத்தலாம். பரு விட்டுச்செல்லும் கருமையையும் அது குறைக்கும். பூச்சு மருந்துகளுக்கு அடங்காத ஹார்மோன் சார்ந்த பருவுக்கு ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை நன்றாகக் கைகொடுக்கிறது. கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் உண்டு. இரண்டுமே கர்ப்ப காலத்தில் கூடாதவை. ஐசோட்ரெட்டினாயின் கருவுக்குக் கடுமையான குறைபாடுகளை உண்டாக்கும் என்பதால், மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பும் உறுதியான கருத்தடையும் இல்லாமல் அதை எடுக்கவே கூடாது.

உணவைப் பொறுத்தவரை, இரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றும் உணவுகளும், உடற்பயிற்சி செய்வோர் எடுத்துக்கொள்ளும், பாலிலிருந்து பெறப்படும் வே புரதமும் சிலருக்குப் பருவைக் கூட்டுகின்றன. குறைத்துப் பார்க்கலாம், ஆனால் மருந்துக்கு அது மாற்றாகாது. முகப்பூச்சு எதுவானாலும் துளையை அடைக்காதது என்று குறிப்பிட்டதாக இருக்கட்டும். கருமை ஆழமாகாமல் இருக்க, பகலில் எஸ்பிஎஃப் 30 உள்ள சன்ஸ்கிரீனைத் தவறாமல் பூசுங்கள். பருவைக் கிள்ளவோ பிதுக்கவோ வேண்டாம். உள்ளே இருக்கும் அழற்சி இன்னும் ஆழத்துக்குத் தள்ளப்பட்டுத் தழும்பாகும்.

நான் சொன்ன 12 வாரப் பொறுமை எல்லாப் பருவுக்கும் பொருந்தாது. தொட்டால் கட்டிபோல ஆழத்தில் உருளும் பருக்கள் இருந்தாலோ, ஆறிய இடத்தில் குழி விழத் தொடங்கியிருந்தாலோ, காத்திருக்காமல் இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள்.